ஊசியும் நூலும்

நம் பிள்ளைகளைச் சங்கடப்படுத்தவென்றே சில வார்த்தைகள் இங்கிலீஷ் பாஷையில் உண்டு. துணி தைப்பதைக் குறிக்கும் வினைச்சொல் அவற்றில் ஒன்று. எழுத்தைப் பார்த்தால் 'ஸ்யூ' என்று படிக்கத்தான் எவனுக்கும் தோன்றும். ஆனால் 'ஸோ' என்று சொல்ல வேண்டும். விதை விதைப்பதற்கும் 'ஸோ'. ஆகையால் என்பதற்கும் 'ஸோ'. நான் வாசித்த பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வார்த்தைக்காகப் பெஞ்சின் மேல் ஏறி நின்றவர்களை ஒரு வரிசையாகவே நிறுத்தலாம்.

அவர்களுக்கெல்லாம் ஒரு சமாதானம் சொல்ல வேண்டுமென்று எனக்கு வெகு நாளாக ஆசை. அந்த வார்த்தை அப்படி ஒன்றும் அந்நியமல்ல. நம் வீட்டுத் தையல் பெட்டியில், நூற்கண்டில் குத்தி வைத்திருக்கிறோமே ஊசி, அந்த ஊசிக்கு அது தூரத்து உறவு. நாலு தலைமுறை ஐந்து தலைமுறை என்று எண்ணக்கூடிய உறவல்ல. நாலாயிரம் ஐயாயிரம் வருஷத்து உறவு. பைக்காராவில் ஒரு மாலை வேளையில் அந்த இரண்டு உறவினர்களும் எதிரெதிரே வந்து, ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளாமலே விலகிப் போனதை நான் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் குடும்பத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பேச்சில் கோத்திரம் கேட்பதில்லையா, அது மாதிரி.

இங்கிலீஷ், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இவர்களுடைய தாய் பாஷையில் தைப்பதற்கு 'ஸிவ்யன்' என்பது போல ஒரு வார்த்தை இருந்திருக்க வேண்டும் என்று மொழி நூலார் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குத்தான், அந்தத் தாய் ஒரு ஏட்டையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி, செத்துப்போன காதிக் பாஷையில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பாதிரியார் காத் இனத்தாருக்காகத் தாமே ஓர் எழுத்து முறையை உண்டாக்கி, பைபிளை மொழிபெயர்த்தார். அதிலே ராஜாக்களின் சரித்திரத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. காத் ஜனங்களுக்குச் சண்டை போட இனிமேல் தாம் வேறு சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தாராம். அந்த மொழிபெயர்ப்பை ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய 6ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று ஸ்வீடன் தேசத்து உப்ஸாலா சர்வகலாசாலையில் இருக்கிறது. மாற்கு சுவிசேஷத்தில் பழைய அங்கியில் புதுத் துணியை வைத்து ஒட்டுப் போடுவதைப் பற்றி இயேசுநாதர் பேசும் இடத்தில் அந்த வார்த்தை வருகிறது. பட்டும் பீதாம்பரமும் தைக்கும்போது அல்ல. கந்தலுக்கு ஒட்டுப் போடும்போது முதல் முதலாக அது நம் கண்ணில் படுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் திசைக்கொன்றாகப் போனார்கள். ஸ்வீடன்காரரும் டென்மார்க்காரரும் வார்த்தையை ஒரே அசையாகச் சுருக்கிவிட்டார்கள். இங்கிலீஷ்காரர் எழுத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு உச்சரிப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஜெர்மானியர் செய்ததுதான் விசித்திரம். வினைச்சொல்லைத் தொலைத்துவிட்டு, நூல் நூற்பதைச் சேர்ந்த இன்னொரு வேரிலிருந்து 'நேயன்' என்று ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கும் விளிம்புக்கு மட்டும் 'ஸௌம்' என்ற பழைய உறவைக் கைவிடவில்லை. இங்கிலீஷில் இரண்டு துணிகள் சேரும் தையல் வரிக்கு 'ஸீம்' என்கிறார்களே, அது இதன் உடன்பிறப்பு.

ஜெர்மானிய வட்டத்தை விட்டு வெளியே வந்தாலும் உறவு தீரவில்லை. லத்தீனில் 'ஸுவேரே' என்றால் தைப்பது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடும் 'ஸூச்சர்' அதன் வழி வந்தது. பாரிஸ் சீமாட்டிகளின் உடையலங்காரத்துக்கு 'கூத்தூர்' என்று பிரெஞ்சுக்காரர் கொடுத்திருக்கும் ஒய்யாரமான பெயரும் அதன் வழிதான். லத்தீனில் தைப்பவனுக்கு 'ஸூத்தோர்' என்று பெயர். ஆனால் அவன் தைத்தது துணியை அல்ல, செருப்பை. சக்கிலித் தெருவில் பிறந்த வார்த்தையின் பேத்தி பாரிஸில் பவனி வருகிறாள்.

1786இல் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ் எழுந்து நின்று, ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று சொன்ன பிறகு இந்தச் சங்கிலியின் கிழக்கு முனையும் தெரிய வந்தது. ஸம்ஸ்கிருதத்தில் 'ஸீவ்யதி' என்றால் தைக்கிறான். தைக்கப்பட்டது 'ஸ்யூதம்'. மூல பாஷையின் வேரும் 'ஸ்யூ' என்றே இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே, 'ஸ்யூ' என்று படித்துப் பெஞ்சின் மேல் ஏறிய என் சகபாடிகள் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய உச்சரிப்பைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியாருக்குத்தான் அவ்வளவு தூரம் பார்க்க அவகாசம் இல்லை.

'ஸூத்திரம்' என்ற சொல்லையும், ஊசியைக் குறிக்கும் 'ஸூசி' என்ற சொல்லையும் மோனியர் வில்லியம்ஸ் தம் பெரிய அகராதியில் இதே வேரோடுதான் சேர்க்கிறார். சுசுருதர் வைத்திய சாஸ்திரத்தில் எட்டு வகைச் சஸ்திர சிகிச்சைகளைச் சொல்லும்போது, தைப்பதையும் ஒன்றாக வைத்து, அதற்கு இந்த வேரிலிருந்தே 'ஸீவ்யம்' என்று பெயரிட்டிருக்கிறார். ஹிந்தியில் இன்றைக்கும் 'ஸீனா' என்றால் தைப்பது. 'ஸிலாயி' என்றால் தையல். (தலை சீவுவதற்கும் பென்ஸில் சீவுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காதுக்கு ஒன்றாக ஒலிப்பதையெல்லாம் உறவு கொண்டாடினால் மொழி ஆராய்ச்சி கூத்தாகிவிடும்.)

இனி ஊசி. வடக்கே 'ஸூசி' என்று இருந்தது தமிழுக்கு வரும்போது ஊசியாயிற்று. கோயிலுக்குள் நுழைகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிடுவதுபோல, மிகப் பழங்காலத்தில் தமிழுக்குள் வந்த பல சொற்கள் முதல் சகரத்தைக் கழற்றி வைத்துவிட்டே வந்திருக்கின்றன. ஸபை அவையாயிற்று, சிரமணர் அமணரானார், ஸீஸம் என்ற உலோகம் ஈயமாயிற்று. ஸஹஸ்ரம், கன்னடத்தில் 'ஸாவிர' என்று சகரத்தோடு நிற்க, நம்மிடம் ஆயிரமாகிவிட்டது. டி. பர்ரோ என்ற ஆங்கில அறிஞர் 1947இல் இந்தச் சகரம் உதிர்வதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

இதை நான் ஒரு தமிழாசிரியரிடம், அவர் என் நெருங்கிய சிநேகிதர், ஒருநாள் சொல்லப் போக அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படியானால் வடக்கேயிருந்து ஊசி வரும் வரையில் தமிழன் என்ன செய்தானாம்? கிழிசலைக் கட்டிக்கொண்டு திரிந்தானா?" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில், தைப்பதற்குத் தமிழில் ஊசியே தேவையில்லை என்பது.

எங்கள் பாட்டி சாயங்கால வேளையில் திண்ணையில் உட்கார்ந்து மந்தார இலை தைப்பாள். ஈர்க்குச்சியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி, இலையோடு இலையைச் சேர்த்து, நுனியால் குத்தி வாங்கிக் குத்தி வாங்கி, ஒரு வட்டம் முடிவதற்குள் ஊர்க்கதை ஒன்றும் முடிந்துவிடும். அதற்குப் பெயர் தையல் இலை. அங்கே ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் அது தையல்தான். சங்க காலத்துப் பெண்கள் தழையும் பூவும் தொடுத்த ஆடை உடுத்தினார்கள் என்று படிக்கிறோமே, அதுவும் இந்தக் கைவேலைதான். 'தை' என்றால் ஊடுருவக் குத்துவது. காலில் முள் தைக்கிறது. மார்பில் அம்பு தைக்கிறது. மாமியார் சொன்ன ஒரு சொல் மனத்தில் தைத்து முப்பது வருஷம் அங்கேயே இருக்கிறது. (தை மாதத்தின் 'தை' வேறு, அது பூச நட்சத்திரத்துக்கு வடமொழியில் உள்ள திஷ்யம் என்ற பெயரின் வழி வந்தது.)

பக்கத்து வீடுகளிலும் இதே நினைப்புத்தான். தெலுங்கில் 'குட்டு' என்றால் தைப்பது. தேள் கொட்டுவதும் அதே 'குட்டு'தான். மலையாளிகள் 'துன்னுக' என்ற வார்த்தையை இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தெருவில் காணும் துன்னகாரரை நாம் மறந்துவிட்டோம், அவர்கள் மறக்கவில்லை. அந்தத் துன்னகாரருக்கும் ஸம்ஸ்கிருதத்தில் தையற்காரனைக் குறிக்கும் 'துன்னவாய' என்ற சொல்லுக்கும் உள்ள ஒற்றுமையைப் படித்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். கன்னடத்தில் 'ஹொலி'. இங்கிலீஷில் 'ஸ்டிட்ச்' என்கிறார்களே, அதற்கும் ஆதியில் குத்து என்றுதான் அர்த்தம். ஓடும்போது விலாவில் குத்துவதற்கு அவர்கள் இன்னமும் அதே சொல்லைச் சொல்கிறார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே ஒரே எண்ணம் இரண்டு இடத்தில் பிறந்திருக்கிறது. விரலில் குத்திக்கொண்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

ஆகவே தமிழாசிரியருக்கு நான் சொன்னேன்: "ஊசி வந்ததாக இருந்தால் என்ன? தையல் நம்முடையது, இழை நம்முடையது, நூல் நம்முடையது. கடைக்காரனிடம் ஊசி வாங்கினவன் தையலையும் அவனிடமா கற்றான்?" அவர் முழுச் சமாதானம் அடையவில்லை. ஆனால் கோபம் இறங்கிவிட்டது.

இப்போது பைக்காராவுக்குப் போகலாம்.

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். முக்குருத்திச் சிகரத்தில் பிறந்து வரும் ஆறு இங்கே அருவியாக இறங்குகிறது. படகுத்துறை, பைன் மரங்கள், வேகவைத்த சோளக்கதிர், காரட் கட்டு என்று உல்லாசப் பிரயாணிகளுக்கு வேண்டியதெல்லாம் உண்டு. ஆனால் பைக்காரா என்றதும் கோயம்புத்தூர்க்காரனுக்கு நினைவு வருவது அருவியல்ல, மின்சாரம். 1932இல் இந்த ஆற்றுத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கீழே அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் மழைக்காளான்போல முளைத்தன. பைக்காராத் தண்ணீர் கீழே போய் நூலாக மாறிற்று என்று சொன்னால் கவிதை அல்ல, கணக்கு.

நான் போனது ஒரு நாவலுக்கு இடம் பார்ப்பதற்காக. நாவல் எழுதப்படவில்லை; அது வேறு விஷயம். மாலை நாலு மணி இருக்கும். சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் புல்வெளியில் ஒரு தோடர் குல மூதாட்டி உட்கார்ந்து துணியில் வேலை செய்துகொண்டிருந்தார். தலைமயிர் இரண்டு பக்கமும் சுருள் சுருளாகத் தோளில் விழுந்திருந்தது. பக்கத்தில் பேத்தி, பத்து வயதுப் பெண், பள்ளிக்கூட உடுப்போடு. வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் அவர்களைச் சூழ்ந்து நின்றது. அந்தக் குடும்பத்து அம்மாள் துணியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் புருஷரிடம், 'கைத் தையல்' என்னும் பொருளில் ஏதோ ஹிந்தியில் சொன்னாள். அதில் 'ஸிலாயி' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. பேத்தி பெருமையோடு முன்னால் வந்து, "கிராண்ட்மா இஸ் ஸோயிங்" என்றாள். பூ வேலைக்கு இங்கிலீஷில் வேறு வார்த்தை உண்டு; அந்தக் குழந்தைக்கு அது அப்போது ஞாபகம் வராதது என் அதிர்ஷ்டம். அதே நிமிஷத்தில் மூதாட்டி என்னைப் பார்த்துத் தமிழில், "ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க. ஊசி உளுந்திருச்சு" என்றார்.

ஸிலாயி, ஸோயிங், ஊசி. கங்கைக் கரையிலிருந்து ஒன்று, தேம்ஸ் நதிக் கரையிலிருந்து ஒன்று, வைகைக் கரையிலிருந்து ஒன்று. மூன்றும் ஒரு சாண் இடைவெளியில், ஒரே துணியின் மேலே. நான் ஊசியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் பேரம் பேசிக்கொண்டு போனார்கள். மூன்று வார்த்தைகளும் அவரவர் வழியே போய்விட்டன.

கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கியது 1822இல். அதே 1822இல் ஜெர்மனியில் யாக்கோப் கிரிம் என்பவர், பாஷைகளில் ஒலிகள் எப்படி ஒழுங்கு தவறாமல் மாறுகின்றன என்ற விதியை அச்சிட்டார். லத்தீனில் பகரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானியக் கிளையில் ஃபகரம் வரும் என்பது அதில் ஒன்று. கிரிம் இந்த மலைக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இங்கேயும் அதே வேடிக்கைதான் நடக்கிறது. நம்முடைய பால் படகர் வீட்டில் 'ஹாலு' ஆகிவிடும். நம்முடைய 'ஆள்' தோடர் வாயில் 'ஓள்'. 'நாள்' அங்கே 'நோள்'. தோடர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதே 'ஓள்' என்றுதான். 'ஆள்' என்பதற்கு மேல் மனிதனுக்கு வேறென்ன பெயர் வேண்டும்? அமெரிக்கப் பேராசிரியர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தப் பக்கமெல்லாம் இருந்து இவர்களுடைய பேச்சைக் குறித்துக்கொண்டு போனார். பிறகு 1961இல் அவரும் முன்னே சொன்ன பர்ரோவும் சேர்ந்து திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்கள். நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன். அந்த அகராதியைப் புரட்டும்போதெல்லாம், மற்ற இரண்டு வருஷத்தையும் படித்திருக்கலாமே என்று தோன்றும்.

ஜெர்மானியரும் இந்த மலைக்கு வந்தார்கள். பாஸல் மிஷன் பாதிரிமார் 1846இல் கேத்தியில் வந்து தங்கினார்கள். தைப்பதற்கு அவர்கள் பழைய வார்த்தையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் என்பதைச் சொன்னேன். அவர்கள் விட்டுவிட்டு வந்த வார்த்தையின் உறவு, படகர் வீட்டுக் கூரையிலும் தோடர் மந்திலும் ஊசியாகச் செருகியிருந்தது.

தோடர் துணிக்கு வருவோம். அதற்குப் பூத்குளி என்று பெயர். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. உடம்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வது. தோடர்கள் நெய்வதில்லை. துணி எப்போதும் கீழ்நாட்டிலிருந்து வியாபாரிகள் மூலமாக வரும். ஆனால் அதன் மேல் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்வது அந்தக் குலத்துப் பெண்களின் சொத்து. 'புகூர்' என்று அதைச் சொல்கிறார்கள். காகிதத்தில் வரைந்துகொள்வது கிடையாது. துணியில் கோடு போட்டுக்கொள்வதும் கிடையாது. துணியின் ஊடையையும் பாவையும் கண்ணாலும் விரலாலும் எண்ணி எண்ணியே போகிறார்கள். எண்ணிக்கை ஓர் இழை தவறினால் பூ கோணிவிடும். அதோடு, துணியைப் பின்புறமாக வைத்துத் தைக்கிறார்கள். நாம் நல்ல பக்கம் என்று நினைத்துத் தடவிப் பார்க்கிற வழுவழுப்பான பக்கம் அவர்களுக்கு உட்பக்கம். நூல் மேடுதட்டி நிற்கும் முரட்டுப் பக்கம்தான் அவர்களுக்கு முகம். 2013இல் இந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சீபுரம் பட்டுக்கு உள்ள அந்தஸ்து அது.

பூத்குளிக்குப் பொத்தான் கிடையாது. வந்திருந்த வடக்கத்தியார், நான், பேத்தி எல்லோரும் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் கதை குறைப்பட்டுப் போகும். ஏனென்றால் தமிழில் உண்மையாகவே ஒரு ஜெர்மானியத் தையல் வார்த்தை இருக்கிறது என்றால் அது இதுதான். பழைய பிராங்கு ஜாதியார், அவர்களும் ஜெர்மானியர், முட்டுவதற்கும் தள்ளுவதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். அது பிரெஞ்சில் புகுந்து, செடியில் முட்டிக்கொண்டு வரும் மொட்டுக்குப் பெயராயிற்று. மொட்டுப்போல் இருந்ததால் சட்டைக் குமிழுக்கும் பெயராயிற்று. போர்த்துக்கீசியர் அதை 'பொத்தாவ்' என்றார்கள். 1498க்குப் பிறகு அவர்கள் கப்பலில் அது நம் கரைக்கு வந்து பொத்தானாக இறங்கிற்று. இங்கிலீஷ்காரனின் 'பட்டன்' பின்னால் வந்த தம்பி.

பொத்தான் நுழையும் துளைக்குத் தையற்கடையில் காஜா என்று பெயர். இதுவும் போர்த்துக்கீசியம். 'காஸா' என்றால் அந்த பாஷையில் வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு அல்லவா? லத்தீனில் அது வெறும் குடிசையைக் குறித்தது. பிராங்கு ஜாதிக்காரன் லத்தீன் குடிசைக்குள் தினமும் காலையில் நுழைந்து இரவில் வெளியே வருகிறான். நடுவே இருப்பவன் தமிழன்.

காஜா என்றதும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ஒரு தையற்கடையில் அவன் காஜா பையன். ஐந்தாவது வகுப்பு வரையில் என்னோடு படித்தவன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அப்பா இறந்த பிறகு கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு முந்திய பத்து நாளும் அவன் இரவில் வீட்டுக்குப் போகமாட்டான். மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து ஊராருடைய சட்டைகளுக்கெல்லாம் காஜா எடுத்துக்கொண்டிருப்பான். தீபாவளியன்று காலையில் புதுச்சட்டையோடு நான் போனால், அவன் அந்தக் கடைப் பலகை மேலேயே தூங்கிக்கொண்டிருப்பான். என் சட்டையின் ஐந்து காஜாவும் அவன் எடுத்தவை.

அந்தக் கடையில் மூன்று படிகள் இருந்தன. துணியை வெட்டுகிறவர் மாஸ்டர். அவர் நாற்காலியில் உட்காரலாம். மிஷினில் தைக்கிறவர்கள் முக்காலியில். காஜா பையன் தரையில். இந்த வரிசை எங்கள் ஊர்க் கடைக்காரரின் ஏற்பாடு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். பிறகு சொற்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இது ஐரோப்பாவிலும் இருந்த ஏற்பாடு என்று. 'டெய்லர்' என்ற சொல்லுக்குத் தைக்கிறவன் என்று அர்த்தமே இல்லை. பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு வெட்டுகிறவன் என்றுதான் பொருள். ஜெர்மன் பாஷையின் 'ஷ்னைடர்' அப்படியே வெட்டுகிறவன். தைப்பதால் பெயர் பெற்றவள் இங்கிலீஷில் ஒருத்திதான் உண்டு: 'ஸீம்ஸ்ட்ரெஸ்'. அவள் பெண், கூலிக்காரி. லண்டன் மாடி அறையில் கண் கெட்டுப்போகும்வரை தைத்து வயிறு நிரம்பாத அவளைப் பற்றித்தான் தாமஸ் ஹூட் 1843இல் பாட்டு எழுதி, ஊரையே கலங்கவைத்தார். வெட்டினவனுக்குப் பெயரும் பணமும், சேர்த்தவளுக்குக் கூலி. 'தையற்காரர்' என்ற நம் வார்த்தை இந்த மட்டில் யோக்கியமானது. அதை அழித்துவிட்டு இப்போது பலகைதோறும் 'டெய்லர்' என்று எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு மட்டும் பெருமைப்பட்டுக்கொள்ள இடம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஊசியின் உறவான ஸூத்திரம் எவ்வளவு உயரம் ஏறிற்று பாருங்கள். நூல் என்ற அர்த்தத்திலிருந்து சாஸ்திரமாயிற்று, பிரம்ம ஸூத்திரமாயிற்று. நாடகத்தை நடத்துகிறவன் ஸூத்திரதாரியானான். கழுத்தில் ஏறி மங்கல ஸூத்திரமாயிற்று. தமிழிலும் அப்படியே: பஞ்சில் நூற்ற நூல்தான் தொல்காப்பியமும் திருக்குறளும். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்த ஒப்புமையை விரிக்கும்போது சொற்களைப் பஞ்சு என்கிறார். புலவனை நூற்கும் பெண் என்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

ஆனால் ஊசி பிடித்த கைக்கு என்ன கிடைத்தது? துன்னவாயன் வீட்டுச் சோற்றை உண்ணலாகாது என்று மனு விதித்திருக்கிறார், கூத்தாடி வீட்டுச் சோற்றோடு சேர்த்து. புறநானூற்றில் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஓர் அற்புதமான உவமை வைத்திருக்கிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. இந்த நிலையில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ, அவ்வளவு வேகமாம் பெருநற்கிள்ளியின் போர். ஒரு ராஜாவின் பராக்கிரமத்துக்கு ஊசியைத் தவிர வேறு உவமை கிடைக்கவில்லை புலவருக்கு. அப்படியிருந்தும் அந்தத் தொழிலாளியை அவர் குறிப்பிடும் சொல் 'இழிசினன்'. இரண்டாயிரம் வருஷமாக அந்தப் பாட்டை ரசித்துவருகிறோம். அவன் மனைவிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்றா என்று யாரும் கேட்டதில்லை.

பெண்ணுக்கே தையல் என்று பெயர் வைத்த பாஷை நம்முடையது. வைத்தீசுவரன் கோயிலில் நோய் தீர்க்கும் கடவுளின் பக்கத்தில் நிற்கிற அம்பிகை தையல்நாயகி. அதே பெயரைச் சொல்லி, அவள் பேச்சைக் கேட்காதே என்று ஆத்திசூடியில் ஒரு கட்டளையும் இருக்கிறது. அதை எழுதியதும் ஒரு தையல்தான்.

தோடர் மந்தில் வரிசை வேறு மாதிரி. ஒருவர் இறந்துபோனால் உடலைச் சுற்றுவதற்குப் பூ வேலை செய்த பூத்குளி வேண்டும். பெண் கை படாமல் அங்கே யாரும் கடைசிப் பிரயாணம் போக முடியாது. 1901, 1902இல் இங்கே வந்து ஆராய்ந்து, 1906இல் தோடரைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்ட இங்கிலீஷ்காரர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பைக்காரா ஆறு தோடர்களுக்குத் தெய்வம். அதைக் கடக்கும்போது அவர்கள் வலது கையைப் பூத்குளிக்கு வெளியே எடுத்துக்கொண்டு கடப்பார்களாம். மரியாதைக்காக. (அந்த ஆராய்ச்சியாளரின் பெயர் ரிவர்ஸ், நதியைப் பற்றி எழுத நதி என்று பெயர் உள்ளவரே வந்து சேர்ந்தார்.)

வடக்கத்தியார் போன பிறகு நான் மூதாட்டியின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். துணியை மடித்துக்கொண்டே, "நீங்க என்ன வேலைங்க?" என்று கேட்டார்.

"நூல் எழுதறேனுங்க அம்மா" என்றேன்.

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"நூலா? உல்லன் நூல் இப்ப ரொம்ப வெலை ஏறிப்போச்சுங்க. ஊட்டியிலே எந்தக் கடையிலே கொறைச்சலா கெடைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு கடையைச் சொன்னேன். பேத்தி அதைத் தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.